பெண் கடல், ஆண் கடல்



பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தால் மட்டும் போதாது, தூரமும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிளஸ் ஒன் போனால் நமக்கும் அரசாங்க சைக்கிள் கிடைக்கும். ஆனா அது ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் என்று இப்பவே சொல்றாங்க.

முழுப்பரீட்சை லீவில் ராமேஸ்வரத்தில் பெரியம்மா வீட்டில் ஐந்து நாள் இருந்தோம். நானும் அண்ணனும் தினமும் வாடகை சைக்கிளில் சுற்றினோம். கடைசி நாள் தனுஷ்கோடி. சுமார் 20 கிலோமீட்டர். அவன் சைக்கிளில், நான் வேனில்! "பொட்டப்புள்ளைக்கு வெயில் ஆகாது, காத்து தள்ளும்" என்றார்கள். அதே வெயில், அதே காத்து அண்ணனுக்கும்தானே?

2017-ல் திறந்த ரோடு அரிச்சல்முனை வரை நேராகப் போகிறது. இடதுபக்கம் அமைதியாக இருப்பது பெண் கடலாம், வலதுபக்கம் அலையடிப்பது ஆண் கடலாம். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊரும் ரயிலும் போனதே, அன்னைக்கு எந்தக் கடல் அடக்கமா இருந்துச்சு?

நம் பக்கத்து புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்திலேயே அறிவொளி இயக்கம் மூலமாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த அக்காமார்கூட ஓட்டினார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அவர்களிடம் யாரும் வெயிலைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்களா என்ன!

மதுரையிலிருந்து அழகர்கோவிலும் சுமார் 20 கிலோமீட்டர்தான். காலாண்டு லீவில் சைக்கிளில் போகிறோம் என்று நாங்கள் நாலு பேர் வீட்டில் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரலை.

– 9-ஆம் வகுப்பு மாணவி