மாரியில் மன்னார்

மன்னார் என்றதும் மணலையும் வெயிலையும் கழுதைகளையுமே எண்ணுவோர், அம்மண்ணை மாரியிலே கண்டிலர். மார்கழியில் நானும் என் மனைவியும் இரு துவிச்சக்கர வண்டிகளில், கூடாரமொன்றும் பாணும் சம்பலும் கொண்டு, முருங்கனிலிருந்து தலைமன்னார் வரை சென்றோம். விடுதிச் செலவில்லை, நனையாத நாளுமில்லை.

அருவியாற்று நீரை ஏந்தும் கட்டுக்கரைக் குளம் தளும்பி நின்றது. ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் இடம்பெற்ற வங்காலைச் சரணாலயத்திலே பூநாரைகள் செறிந்திருந்தன.

மோட்டார்க் கண்ணாடியை உயர்த்திவிட்டு விரைபவர் இம்மழையைச் சபிக்கிறார். காலபோக நெல்லுக்கு உயிர் அதுவன்றோ? உழவன் வேண்டி நிற்கும் வரத்தை விருந்தினன் பழித்தல் அழகன்று. ஒரு நாட்டை அறிய விரும்புவோன் அதன் மழையில் நனைதல் வேண்டும். அதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.