கொடுக்க நம்மிடமும் உண்டு



வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, தம் நாட்டை விட்டு வெளியேயும் நிலையங்கள் அமைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் பாரிஸிலும், 2010இல் பீஜிங்கிலும் அப்படி நிலையம் அமைத்தது. 2014இல் நமக்கு அருகே புதுடில்லியிலும் ஒன்றைத் திறந்தது. அங்கே இரு நாட்டு அறிஞர்களும் மாணவர்களும் சந்திக்கிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள். கல்வியும் கலையும் இரு பக்கமும் போய்வர வேண்டும் என்பதே நோக்கம்.

"கொழுந்துக் கூடை சுமக்கும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏ. கே. ராமானுஜன் என்றொரு பேராசிரியர் இருந்தார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1962இல் சிக்காகோ நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடிப் போனார். கையில் அகப்பட்டதோ உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை! அதன் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1967இல் அது நூலாக வந்தது. தமிழே அறியாத பலரும் சங்கப் பாடலைச் சுவைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஐயர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடி அச்சேற்றியிராவிட்டால், சிக்காகோவில் எடுக்க என்ன இருந்திருக்கும்?

நம்மிடமும் ஏடேறாத செல்வம் உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மலையில் பாடிய தெம்மாங்கு. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் காதில் விழாமல் போனவை எத்தனையோ!

கந்தப்பளையில் எங்கள் தோட்டத்துக்கு ஒருமுறை ஆய்வு மாணவி ஒருத்தி வந்தாள். லயத்து அம்மாயி ஒருவர் ஒரு மணி நேரம் ஒப்பாரி பாடினார். மாணவி பதிவு செய்துகொண்டு நன்றி சொல்லிப் போனாள். பிறகு அம்மாயி என்னிடம் கேட்டார்: "அந்தப் புள்ள எழுதுனத எனக்கு யாரும்மா வாசிச்சுக் காட்டுவா?" என்னிடம் பதில் இல்லை.

போகிறது, வருவதில்லை என்றால் அதைப் பரிமாற்றம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே சகோதரிகளே, ஆய்வுக்கு வருபவர்களை அன்போடு வரவேற்போம், தேநீரும் கொடுப்போம். ஆனால் மூன்று விஷயங்களைத் தயங்காமல் கேட்போம். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள்? பாடியவர் பெயரைப் போட அவரிடம் சம்மதம் கேட்டீர்களா? தமிழில் ஒரு பிரதியை எங்கள் பாடசாலை வாசிகசாலைக்குத் தருவீர்களா?

இன்னொன்றும் செய்யலாம். உயர்தரம் படிக்கும் உங்கள் மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். அம்மாயியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை அப்படியே எழுதட்டும். பாடியவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் குறிக்கட்டும். நாளை அவளே பல்கலைக்கழகம் போகும்போது, அந்தக் கொப்பியும் அவளோடு போகும்.

அம்மாயிமார் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.