வண்டியை விற்கச் சொன்ன சம்பந்தம்

பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிற தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. மனசில் கிடப்பதை எழுதிவிடுகிறேன்.

என் மகள் மதுரையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் சொந்தச் சம்பளத்தில் ஒரு ஹிமாலயன் மோட்டார் சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். 'ஸ்கூட்டி வாங்குடி என்றால் எருமைமாடு மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே' என்று எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஏறக்குறைய 200 கிலோ எடையாம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதுவாவது போகட்டும். ஞாயிற்றுக்கிழமையானால் அணைப்பட்டிப் பக்கம் வைகை மணலில் போய் அதை ஓட்டிப் பழகுகிறாள் என்பது ஊர்வாயில் விழுந்து எனக்கு வந்து சேர்ந்தது.

தை மாதம் ஒரு வரன் வந்தது. நல்ல இடம், அதிகம் கேட்காத மனிதர்கள். பையனின் அம்மா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு பிடிச்சிருக்கு மதினி. அந்த வண்டிய மட்டும் வித்துட்டு வரச் சொல்லுங்க. மணல்ல போயி உருளுறாளாமே, கை கால் போச்சுன்னா யாரு பாக்குறது?" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அன்று ராத்திரியே மகளிடம் விற்றுவிடச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், "ஒரு ஞாயித்துக்கிழமை நீயும் வாம்மா. பாத்துட்டுச் சொல்லு, வித்துர்றேன்" என்றாள்.

போனேன். காலை ஆறு மணி. மாசி மாசத்து வைகை எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மணல்தான். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவள்தான் வாத்தியார். முதல் வேலையாக இருவரும் டயரில் காற்றை இறக்கினார்கள். தார் ரோட்டுக்கு 25க்கு மேல் இருக்கிற காற்றை 18, 20 என்று குறைத்தால் டயர் அகலமாகப் பரவி, மணலுக்குள் புதையாமல் மேலே மிதக்குமாம். வீடு திரும்பும்போது மறக்காமல் பம்ப் வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தார் ரோட்டில் ட்யூப் கிழிந்துவிடும்.

என் மகள் உட்கார்ந்து ஓட்டவில்லை, எழுந்து நின்றுகொண்டு ஓட்டினாள்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தப் பெண்தான் பக்கத்தில் நின்று விளக்கினாள். உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பாரத்தைக் காலில் வைத்து நின்றால் முன்சக்கரம் லேசாகி மணலில் குத்தாதாம். ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடத்தான் செய்யும், அதை இறுக்கிப் பிடித்துத் திருத்தப் போனால்தான் விழுவோம். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, தூரத்தில் இருக்க வேண்டும். பயம் வந்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டால் முன்சக்கரம் புதைந்துபோகும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது. கேட்கக் கேட்க எனக்கு என் தாத்தாவின் மாட்டுவண்டி ஞாபகம் வந்தது. ஆற்று மணலில் இறங்கிவிட்டால் அக்கரை சேரும்வரை மாட்டை நிற்க விடமாட்டார்.

மூன்றாவது சுற்றில் விழுந்தாள். நான் "ஐயோ ஆத்தா" என்று செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அவளோ எழுந்து மணலைத் தட்டிவிட்டு இன்ஜினை அணைத்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்த மாதிரி நின்று, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் பின்கம்பி என்று பிடித்து, தொடையால் உந்தி உந்தி நிமிர்த்தினாள். குனிந்து தூக்கினால் இடுப்பு போய்விடும். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவின நமக்குத் தெரியாததா இது! மணலில் சைடு ஸ்டாண்டு இறங்கிவிடும் என்று பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்துக் கீழே போட்டு வண்டியை நிறுத்தினாள். அந்தப் பலகை என் பழைய அரிவாள்மனைப் பலகை. மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்த காலம் அது. அதைக் கேள்விப்பட்ட ஆசையில், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரின் டி.வி.எஸ். 50-ஐ நானும் ஓட்டிப் பழகினேன். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பூவை நிலக்கோட்டை மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். இரண்டாம் நாள், ஓடை மணலில் சறுக்கி விழுந்தேன். அடி ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், இன்றுவரை நான் வண்டியைத் தொடவில்லை. எத்தனையோ நாள், கொண்டுபோக ஆளில்லாமல் கூடையிலேயே பூ மலர்ந்து வீணாவதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். எப்படி விழுவது, எப்படி எழுவது என்று அன்றைக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால்?

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-இல் ஸ்பெயின் போட்டியில் விழுந்து கணையத்தில் அடிபட்டவர். மறு வருஷமே பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார். அதில் துபாய் மணலும் உண்டு. அவர் மாதிரி ஆக வேண்டும் என்று என் மகள் கேட்கவில்லை, எனக்கும் அந்த ஆசை இல்லை. நான் போட்ட கட்டளைகள் இவைதான்: தனியாகப் போகக் கூடாது. முழு ஹெல்மெட்டும் கணுக்கால் மூடிய பூட்ஸும் இல்லாமல் ஏறக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கிற ஆறு என்பதால் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும். அழகருக்காக வைகை அணையைத் திறக்கிற சித்திரையில் அந்தப் பக்கமே போகக் கூடாது. அத்தனைக்கும் சரி என்றாள்.

கை கால் போனால் யார் பார்ப்பது என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதே பயத்தை அவர் மகன் வைத்திருக்கும் பெரிய பைக்கைப் பற்றி யாரும் படவில்லையே! அந்த வீட்டு வாசலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதை விற்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவுமில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

போன வாரம் தரகரிடம் சொல்லி அனுப்பினேன்: "வண்டியை விற்கிறதாக இல்லை. சம்மதமானால் பையனையும் ஒரு ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க, ரெண்டு பேரும் பேசிக்கட்டும்." பதில் இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மகளிடம் அரிவாள்மனைப் பலகையைத் திருப்பிக் கேட்கவில்லை. தச்சரிடம் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, நிலக்கோட்டை