அடுப்படியில் நிற்பவருக்கும் புரிகிற செய்தி



நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்றவர்களும் படியுங்கள், கேட்கிறவர்கள் நாம்தானே.

செய்தியை யாரும் திரை முன் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் அடுப்படியில், ஒருவர் திண்ணையில். பாதிப் பேருக்குக் கீழே ஓடும் எழுத்து கண்ணுக்கே தெரியாது. காதில் விழுவதுதான் செய்தி. நாளிதழ் என்றால் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம். இதில் அந்த வசதி இல்லை.

தமிழில் வினை கடைசியில் வரும். இல்லை, வேண்டாம், முடியாது எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை எனச் சமூக வலைதளங்களில் பரவி வரும் தகவலில் உண்மையில்லை" என்று வாசித்தால், அடுப்படியில் நிற்கிற அம்மாவின் காதில் விழுவது "நாளை விடுமுறை". அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். "நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்" என்று தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

"உள்ளிட்ட" என்ற சொல்லையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "நாகை உள்ளிட்ட 6 மாவட்டங்களில்" என்றால் திருவாரூர்க்காரர் என்ன செய்வார்? ஆறு பெயரையும் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதைவிட நீளமாக விளம்பரம் போடுகிறோம்.

மழை அளவுக்கு வருகிறேன். கனமழை, மிக கனமழை, அதி கனமழை. எழுதுகிறவருக்கு இவை அடைமொழிகள். வானிலைத் துறைக்கு அளவுகள். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. எழுத்தில் பரபரப்பு கூட்டுவதற்காக "மிக"வை "அதி" ஆக்கினால் அது பொய்ச் செய்தி. துறைமுகக் கூண்டும் அப்படித்தான். 1 முதல் 11 வரை எண் உண்டு. "3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று மட்டும் சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு வரி எழுதினால் போதும். (11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எத்தனை பேருக்குத் தெரியும்?)

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. அந்த வீடுகளுக்குத் தொலைக்காட்சி கடைசியாகச் சொன்னது முந்தின நாள் செய்திதான். அதில் எதை முதலில் எழுத வேண்டும்? தாழ்வு மண்டலம் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதையா, கூரை வீட்டில் இருப்பவர்கள் எந்த நேரத்துக்குள் கிளம்ப வேண்டும் என்பதையா?

படம் காட்டுவதையே மறுபடி எழுதும் பழக்கமும் வேண்டாம். மரம் விழுந்து கிடப்பது தெரிகிறது. எந்தச் சாலை, பேருந்து எந்த வழியில் போகிறது என்று சொல்லுங்கள்.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே மூச்சு முட்டினால் அந்த வாக்கியத்தை இரண்டாக்குங்கள். நேரம் இல்லை என்பீர்கள். தெரியும். மற்ற செய்திகளுக்கு இல்லாவிட்டாலும் புயல், வெள்ளம், பள்ளி விடுமுறை இந்த மூன்றுக்காவது செய்யுங்கள்.

செய்திப் பிரிவில் இருக்கும் நம் பிள்ளைகள் யார் யார் என்று கீழே எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.