பேராசிரியருக்கும் ஒரு வகுப்பு

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் வட்டக்கோட்டைக்கும் போய்வருவார்கள். கடலை ஒட்டி நிற்கும் அந்தக் கருங்கல் கோட்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையில் வந்து, 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரைக் கைதியாகவே வைத்திருக்கவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார்.

அந்தப் படைக்குப் போர் புதிதில்லை. குளச்சலில் ஜெயித்ததே அவர்கள்தான். ஆனாலும் தோற்றுப்போனவரிடம் நின்று புதிய முறையைப் பழகினார்கள். இன்று நம் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் அப்படியொரு பழக்கம் தேவைப்படுகிறது. பாடம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை மாணவரின் செல்போன் வரை கொண்டுசேர்க்கும் வேலைதான் புதிது.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். நாளை தேர்வு. வாட்ஸ்அப்பில் நோட்ஸ் வருகிறது. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கின்றன. காரணம் எளிது: சார் அதைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார், பிள்ளையின் போனில் அந்த எழுத்துரு இல்லை. யூனிகோடில் இருந்தால் எந்தப் போனிலும் திறக்கும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு டீச்சர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். பக்கத்துக்கு 3 எம்.பி. என்றால் 20 பக்கத்துக்கு 60 எம்.பி. ஆகிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் கடற்கரை ஊரில் அது இறங்குவதற்குள் விடிந்துவிடும். பார்வையற்ற மாணவருக்கோ அது வெறும் படம். போனில் இருக்கும் வாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும், படத்தில் தடுமாறும். மூன்றாமவர் கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்புகிறார், ஆனால் பார்க்கும் அனுமதியைத் திறந்துவைக்க மறந்துவிடுகிறார். அறுபது மாணவர்களும் இரவு பதினோரு மணிக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்கிறார்கள்.

இவர்களில் யாரும் சோம்பேறி கிடையாது. யாரும் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 1980-களிலேயே பயிற்சி மையங்களைத் தொடங்கியது. பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். 2017-ல் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையவழிப் பாடத் தளம் வந்தது. அடுத்த வருடமே ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியும் அதில் சேர்ந்தது. ஸ்வயத்தில் ஒரு பாடம் என்றால் வீடியோ, வாசிக்கும் பகுதி, கேள்வி கேட்டு விவாதிக்கும் இடம், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் என நான்கும் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நான்கையும் தன் கையால் செய்துபார்க்காத ஆசிரியர், அவற்றைப் பற்றி எத்தனை மணி நேரம் சொற்பொழிவு கேட்டாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. விஞ்ஞானிகளுக்குக் கணினி வேலை பழக்க 1998-ல் வட அமெரிக்காவில் தொடங்கியது ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’. பெயரிலேயே தச்சுவேலை. பயிற்சி தருபவர் திரையில் தட்டத் தட்ட, கற்பவர்களும் தங்கள் கணினியில் கூடவே தட்ட வேண்டும். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறத்தில் ஒட்டுக் காகிதம் இருக்கும். முடித்துவிட்டால் ஒரு நிறத்தையும், சிக்கிக்கொண்டால் இன்னொன்றையும் கணினியில் ஒட்டிவிட வேண்டும். சந்தேகம் கேட்கக் கையைத் தூக்க வேண்டாம். உதவியாளர் தானாகவே வந்து நிற்பார். இருபது வருடம் பாடம் எடுத்த ஒருவருக்கு, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பலர் முன்னால் சொல்வது எவ்வளவு கஷ்டம்! ஒரு துண்டுக் காகிதம் அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடுகிறது.

நம் கல்லூரிகளிலும் இதைச் செய்யலாம். பெரிய செலவு கிடையாது. ஒரு சனிக்கிழமை, ஒரு கணினி அறை, இருபது ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் அடுத்த வாரம் நடத்தப்போகும் தன் பாடத்தையே எடுத்து வரட்டும். யூனிகோடுக்கு மாற்றி, கோப்பின் எடையைக் குறைத்து, ஐந்து கேள்விகள் கொண்ட கூகுள் படிவம் ஒன்று சேர்த்து, இணைப்பின் அனுமதியைத் திறந்துவைக்கட்டும். கடைசியாக, அதை விலை குறைந்த போன் ஒன்றில் திறந்து பார்க்கட்டும். அங்கே திறந்தால்தான் பயிற்சி முடிந்தது.

உதவியாளர்களுக்கு எங்கே போவது? அதே கல்லூரியின் கணினித் துறை மாணவர்கள் போதும். ஒருநாள் அவர்கள் சொல்லித்தர, சார் கற்றுக்கொள்ளட்டும். அதனால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

நீங்கள் மாணவரா? அடுத்த முறை நோட்ஸ் திறக்காவிட்டால் நண்பர்களிடம் மட்டும் புலம்பாதீர்கள். “சார், என் போன்ல இது இப்படித்தான் தெரியுது” என்று படம் பிடித்துத் தனியாக அனுப்புங்கள். பல ஆசிரியர்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்தால் சரிசெய்துவிடுவார்கள்.