நாயின் ரத்தத்துக்குப் பகை! - தெள்ளு பாதி, கைவைத்தியம் பாதி

வீட்டு நாய் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை. கூப்பிட்டால் வாலை ஆட்டவில்லை. பல் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது.

"எல்லாம் வெயில் செய்கிற வேலை" என்று வீட்டார் சும்மா இருந்துவிடக் கூடாது. நாயின் ரத்தத்துக்கே ஆபத்து வந்திருக்கலாம்!

வேலியே பயிரை மேய்ந்தால்?

உடலுக்குள் நோயை எதிர்க்கும் படை ஒன்று இருக்கிறது. கிருமி நுழைந்தால் அதை அழிப்பது இந்தப் படைதான். சில நாய்களுக்கு இந்தப் படை புத்தி பிசகிவிடுகிறது. தன் சொந்த ரத்தத்தின் சிவப்பு அணுக்களையே பகை என்று எண்ணி அழிக்கிறது. நாய்க்கு மூச்சு வாங்கும். கண் மஞ்சளாகும்.

வேறு சில நாய்களுக்குத் தட்டணுக்கள் அழிகின்றன. டெங்கு காய்ச்சலில் மனிதருக்குக் குறைகிறதே, அதே தட்டணுக்கள்தான். அப்போது தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூக்கில் ரத்தம் வடியும். காக்கர் ஸ்பானியல் ஜாதி நாய்களுக்கு இந்த நோய்கள் வரும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு டாக்டர்கள் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். அது படையை அடக்கி வைக்கும். படை அடங்கினால் மற்றக் கிருமிகளை எதிர்க்கும் பலமும் குறையும். அந்த நேரம் பார்த்துத் தெள்ளும் உண்ணியும் ஏறினால், இருக்கிற கொஞ்ச ரத்தமும் போகும். உண்ணி கிருமியையும் ஏற்றிவிடும்.

சென்னையில் கண்ட கிருமி

1910-ம் ஆண்டு. சென்னையில் வெள்ளைக்காரர்கள் வளர்த்த வேட்டை நாய்களின் ரத்தத்தில் ஒரு புதிய கிருமி இருப்பதை பாட்டன் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். குள்ளநரியின் ரத்தத்திலும் அது இருந்தது. அதன் பெயர் 'பபேசியா கிப்சோனி'. உண்ணி மூலம் அது பரவுகிறது.

ரத்த அணுக்களை உடலே அழிக்கும் நோயை எந்தக் கிருமிகள் தூண்டுகின்றன என்று நிபுணர்கள் ஆராய்ந்து 2019-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மிக வலுவான சான்று இந்தக் கிருமிக்கு எதிராகத்தான் கிடைத்தது!

மாத்திரை பயம்

உண்ணிக்கும் தெள்ளுக்கும் இன்று மாத்திரை இருக்கிறது. அவற்றில் ஒரு வகை சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்று 2018-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது. ஆனாலும், பெரும்பாலான நாய்களுக்கு அது பாதுகாப்பானது என்றும் அந்தத் துறையே கூறியது.

எச்சரிக்கை மட்டும் பலர் மனதில் தங்கிவிட்டது. "மருந்தே வேண்டாம், இயற்கை வைத்தியம் போதும்" என்று பூண்டை இடித்து நாய் சோற்றில் கலக்கிறார்கள். இங்கேதான் விபரீதம்!

பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பு அணுக்களை உடைப்பவை. வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது. ஏற்கெனவே அணுக்கள் அழியும் நாய்க்கு அதைக் கொடுப்பது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போலாகும்.

கற்பூரம் கலந்த எண்ணெயும் ஆகாது. நாய் அதை நக்கினால் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெய் தடவுவதோ கொடுமை. தோல் புண்ணாகும். இயற்கையில் கிடைப்பதெல்லாம் நாய்க்கு அமுதம் அல்ல.

செலவில்லாத வழி

தெள்ளுக் கூட்டத்தில் 20-ல் ஒரு பங்குதான் நாயின் மேல் வாழ்கிறது. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையிலும் படுக்கையிலும் இருக்கிறது. ஆகவே நாயை மட்டும் கழுவினால் போதாது.

நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். தரையைத் தினமும் மூலை முடுக்கு விடாமல் பெருக்க வேண்டும். சுவர் வெடிப்புகளை அடைக்க வேண்டும். உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இடம் அதுதான்.

நெருக்கமான பேன் சீப்பால் நாயைத் தினமும் வாரலாம். சிக்கும் தெள்ளை சோப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். சீப்பில் கறுப்புத் தூள் வந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கலாம். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். நாயிடம் குடித்த ரத்தம்தான் அது!

உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

டாக்டர் கையில் முடிவு

இவ்வளவு செய்தும் உண்ணி ஏறினால் மருந்து தேவைதான். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை டாக்டர் தீர்மானிக்கட்டும். நாய்க்கு ரத்த நோய் இருந்ததையும், இதற்கு முன் வலிப்பு வந்திருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாய் வாயில்லா ஜீவன். தனக்கு எது ஆகாது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அன்போடு நீட்டும் கையில் பூண்டு இருந்தாலும் நம்பித் தின்றுவிடும். அந்த நம்பிக்கையைக் காப்பது வளர்ப்பவர் கடமை.