சிலுவையும் கழுமரமும்

இயேசுநாதர் சிலுவையில் மாண்டார் என்று ஒருவர் சொன்னால், அதற்கு மறுப்புக் கூற வருவோர் ஒருவரல்லர், இருவரல்லர். அவர் மாளவே இல்லை என்பார் ஒருவர். மாண்டவர் வேறொருவர் என்பார் மற்றொருவர். மாண்டார், அதனால் நமக்கென்ன என்பார் இன்னொருவர். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே ஐயம் என்பார் நான்காமவர். கொண்டாப்பூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் இந்த நால்வரும் இருக்கிறார்கள். சென்ற பெரிய வெள்ளிக்கிழமை இரவு, கோயிலிலிருந்து திரும்பிய நெல்லை நண்பரையும் இழுத்துவைத்துக்கொண்டு விடிய விடிய வாதாடினோம். ஒருவரும் மனம் மாறவில்லை. ஆயினும் அன்று எழுந்த கேள்வி என்னை விட்டபாடில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவன், அறிவியல் மாணவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். மறுப்பெழுத விரும்பும் நண்பர்கள் தாராளமாக எழுதட்டும்.

சிலுவைச் சாவு நடந்ததா? பகுத்தறிவாளர் சிலர் இதைக் கட்டுக்கதை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகின்றனர். நான் அவ்வாறு தள்ளமாட்டேன். உரோம வரலாற்றாசிரியர் தாசித்தசு, கிறித்து எனப்பட்டவர் திபேரியு பேரரசன் காலத்தில் பிலாத்து என்னும் ஆளுநனால் கொல்லப்பட்டார் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். அவர் கிறித்தவர்மேல் அன்புகொண்டவர் அல்லர். அந்தச் சமயத்தைக் கேடு தரும் மூடநம்பிக்கை என்றே வெறுத்தவர். பவுலின் மடல்களோ அந்தச் சாவு நடந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எழுதத் தொடங்கப்பட்டவை. இவற்றைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் சான்று வேறு. சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகசின் அடிமைப் புரட்சி முறியடிக்கப்பட்டபோது, சிறைப்பட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து உரோமாபுரிவரை சாலையோரத்தில் சிலுவைகளில் அறைந்தார்கள். அத்தகைய இழிந்த சாவைத் தன் தலைவனுக்குக் கற்பித்துக் கதைகட்டும் புதுச்சமயம் உண்டோ? கதை கட்டுபவன் தலைவனை விண்ணுக்கு ஏற்றுவான், இழிமரத்தில் ஏற்றமாட்டான்.

1968-இல் எருசலேமுக்கு அருகே ஒரு கல்லறையில் இரும்பாணி பாய்ந்த குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. அது இயேசுவினுடையது அன்று. யோகனான் என்ற பெயருடைய வேறொருவருடையது. ஆனால் அந்நாளில் யூதேயாவில் மனிதரை எப்படி அறைந்தார்கள் என்பதற்கு அந்த எலும்பு சாட்சி. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த உரோமக் காசுப் புதையலில் திபேரியுவின் காசுகளும் உண்டு. பிலாத்தின் தலைவனுடைய முகம் பொறித்த வெள்ளியை நம் கொங்குநாட்டு வணிகர் கையில் எண்ணி வாங்கியிருக்கிறார்கள். தொலைதூரத்துப் புராணம் என்று நாம் ஒதுக்குவது, நம் முன்னோரின் சந்தைக்காலத்து நிகழ்ச்சிதான்.

இசுலாமிய நண்பரின் கருத்து வேறு. அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவ்வாறு தோன்றச் செய்யப்பட்டது என்பது திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயம் 157-ஆம் வசனத்தின் கருத்து. இறைவன் தன் தூதரை இழிந்த சாவுக்குக் கைவிடமாட்டான் என்பது அதன் உட்பொருள் என்று நண்பர் விளக்கினார். அகமதியா இயக்கத்தைத் தோற்றுவித்த மிர்சா குலாம் அகமதோ, இயேசு சிலுவையில் மயங்கினாரேயன்றி மாளவில்லை. பிழைத்துக் கிழக்கே வந்து முதுமையில் இறந்தார். காசுமீரத்தில் சீநகர் கான்யார்ப் பகுதியிலுள்ள ரோசாபால் அடக்கத்தலம் அவருடையதே என்று 1899-இல் ஒரு நூல் எழுதினார். விவேகானந்தரும் 1895-இல் அமெரிக்காவில் தம் சீடர்களிடம் பேசும்போது, சிலுவையில் அறையப்பட்டது வெறுந்தோற்றமே என்று பொருள்படக் கூறியிருக்கிறார். ஒருவரோடொருவர் ஒவ்வாத இம்மூவரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள்: பெரியோன் ஒருவன் அப்படிச் சாகலாகாது என்பதே அது. இந்த மனநிலையை நான் மதிக்கிறேன்; ஏற்கவில்லை. நல்லவர்கள் அப்படிச் சாகத்தான் செய்கிறார்கள்.

இனி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். அந்தச் சாவுக்குப் பொருள் என்ன?

பாவத்திற்கு விலை என்பார்கள். இந்தக் கருத்தைச் சட்டத்தரணி போல வாதிட்டு நிறுவ முயன்றவர் பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்செல்ம் என்னும் ஆயர். மனிதன் இறைவனுக்கு இழைத்த குற்றம் அளவற்றது. அதை மனிதனே தீர்க்கவேண்டும். ஆனால் தீர்க்கும் ஆற்றல் இறைவனுக்கே உண்டு. ஆகவே இறைவனே மனிதனாக வந்து தீர்த்தான் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. எனக்கு அது கணக்கேட்டு நேர்த்தியாகவே படுகிறது. 1794-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் தாமசு பெயின் இதற்கு விடையிறுத்துவிட்டார். நான் பட்ட கடனை நீ அடைக்கலாம். நான் செய்த கொலைக்கு நீ தூக்கிலேறினால் அது நீதியாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த விடையைத் தாண்டி எவரும் சென்றதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கிறித்தவர் எல்லாரும் அன்செல்மின் கணக்கையே ஒப்புகின்றனர் என்று எண்ணுவது அறியாமை. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபெலார்டு, சிலுவை கடன் தீர்ப்பதன்று, அன்பைக் காட்டிக் கல்நெஞ்சை உருக்குவது என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை நம்மில் பலர் படித்திருக்கிறோம். 1894-இல் வெளிவந்த அந்தக் காப்பியத்தில், பகைவர் இழிவு செய்ய வாய் திறவாமல் நிற்கும் இயேசுவைக் காணும்போது எவன் நெஞ்சில் கணக்கு ஓடும்? காந்தியடிகளும் தம் வாழ்க்கை வரலாற்றில், அந்தச் சாவு உலகுக்கோர் எடுத்துக்காட்டு என்பதை ஏற்றார். அதில் மறைவான அற்புத ஆற்றல் ஏதோ உண்டு என்பதைத் தம் உள்ளம் ஏற்கவில்லை என்றார். அவரே 1931-இல் வாத்திக்கனில் சிலுவையுருவின் முன் கண்கலங்கி நின்றவர். நானும் ஏறக்குறைய அவர் கட்சிதான். கண்கலங்குவதில் மட்டும் சற்றுப் பின்தங்கியவன்.

எடுத்துக்காட்டு என்றால் எதற்கு எடுத்துக்காட்டு? இங்கேதான் நம்பிக்கையாளர், நம்பாதவர் இரு சாராரையும் நான் மடக்க விரும்புகிறேன். நற்செய்தி நூல்களின்படி, ஆலோசனைச் சங்கத்தார் இயேசுவின்மீது சுமத்திய குற்றம் என்ன? தேவதூஷணம்! உரோமர் தந்த தீர்ப்பு அரசைப் பற்றியது. அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களின் குற்றச்சாட்டோ சமயத்தை இழித்தார் என்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2012-ஆம் ஆண்டு மும்பையில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே வேளாங்கண்ணி அன்னை பெயரால் அமைந்த கோயிலில், சிலுவையுருவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டனர், அந்த நீரைப் புனிதமெனப் பிடித்துச் சென்றனர். பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்தார். அருகே இருந்த கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நீர் சுவரில் ஊறி, நுண்புழை ஏற்றத்தால் மேலேறி, ஆணித்துளை வழியே கசிந்தது என்று விளக்கினார். எண்ணெயில் நனைந்த திரி எரிவதும், செங்கற்சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறுவதும் இதே விதியால்தான். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்று பள்ளியிலேயே படித்தோம். நோய்க்கிருமி நீரைக் குழந்தைகள் வாயில் வார்க்காமல் தடுக்கும் எச்சரிக்கைக்கு நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர்மீது காவல் நிலையங்களில் புகார் கொடுத்தார்கள். மத உணர்வைப் புண்படுத்தினார் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 295அ பிரிவு பாய்ந்தது. அவ்வாண்டே அவர் பின்லாந்துக்குச் சென்றுவிட்டார். 1927-இல் ஆங்கில ஆட்சி சேர்த்த அந்தப் பிரிவு, 2024 சூலை முதல் நாளிலிருந்து புதிய சட்டத்தில் 299 என்று எண் மாறி வாழ்கிறது.

தேவதூஷணம் சாட்டப்பட்டு மாண்டவரை வணங்குவோரில் சிலர், அவர் பெயராலேயே மற்றொருவர்மீது அதே குற்றத்தைச் சாட்டுகிறார்கள்! புகார் கொடுத்தோர் கிறித்தவர் அனைவருக்கும் பேராளர் அல்லர் என்பதை அறிவேன். எங்கள் நெல்லை நண்பரே அன்று என்னைவிடச் சினந்தார். ஆயினும் இந்த முரண்பாடு புதிதன்று. கோவாவில் 1560 முதல் 1812 வரை (இடையே சில ஆண்டுகள் நீங்கலாக) நடந்த சமய விசாரணை மன்றம், சிலுவையைத் தன் சின்னத்தில் பொறித்துக்கொண்டே மனிதரை வாட்டியது.

இதைப் படித்துச் சைவ நண்பர்கள் புன்னகை புரிய வேண்டா. நமக்கும் ஒரு மரம் இருக்கிறது. அதன் பெயர் கழுமரம். மதுரையில் ஞானசம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். பரஞ்சோதியார் அதைத் திருவிளையாடல்களில் அறுபத்துமூன்றாவதாக வைத்தார். ஆவுடையார்கோயிலில் அது ஓவியமாகவும் இருக்கிறது. உண்மையில் நடந்ததா? சமணர் தரப்பில் அக்காலச் சான்று இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றாசிரியர்களும் இதை வரலாறாக ஏற்கவில்லை. நடந்திராது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் இங்கே கேள்வி தலைகீழாகிறது. அங்கே நடந்த ஒரு கொலையை நினைத்து, கொல்லப்பட்டவன் பக்கம் நின்று அழுகிறார்கள். இங்கே நடவாத ஒரு கொலையை நடந்ததாகப் பாடி, ஏற்றியவர் பக்கம் நின்று வெற்றி கொண்டாடுகிறோம். தோற்றால் கழுவேறுவோம் என்று சமணரே சூளுரைத்தார்கள் என்பது சமாதானமாகுமா? சைவத்திலும் மாற்றுக் குரல் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். நீற்றறையில் இடப்பட்டு, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பரின் வரலாறு துன்புற்றவர் பக்கம் நிற்பதுதான். நம் நெஞ்சில் அப்பருக்கு இருக்கும் இடத்தில், பெயர் தெரியாத அந்தச் சமணர்களுக்கும் ஓர் ஓரம் இருந்தாலென்ன?

பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒரு சொல். சென்னையில் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ நடத்திய முன்னோர்கள் எல்லாச் சமயத்தையும் படித்து, வாதிட்டு எழுதினார்கள். ஏளனம் மட்டும் செய்துவிட்டுப் போகவில்லை. நாம் குழாயடைப்பைக் கண்டுபிடித்ததோடு கடமை முடிந்தது என்று கைகழுவுகிறோம் (கைகழுவிய பிலாத்தின் நினைவு வருகிறது). தெலுங்குக் கவிஞர் குர்ரம் ஜாஷுவா தீண்டாமையை நேரில் நுகர்ந்தவர்; எழுத்துக்காகச் சபையாரின் வெறுப்பையும் ஈட்டியவர். அவர் இயற்றிய ‘கிரீஸ்து சரித்திர’ 1964-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அத்தகைய ஒருவர் ஏன் இந்தக் கதையைத் தேர்ந்தார்? சிலுவை நடப்பட்ட இடம் நகருக்கு வெளியே. சேரியும் ஊருக்கு வெளியே. தெலங்கானாவிலும் நெல்லையிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்த உருவத்தைப் பற்றிக்கொண்டதை அரிசிக்காக என்று மட்டும் சொல்லிவிடுவது, அவர்களுக்கு வயிறு உண்டு, கண் இல்லை என்று சொல்வதாகும்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வரும் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரத்தில் ஒரு மாலை, இரட்சணிய யாத்திரிகத்தின் இரட்சணிய சரிதப் படலத்தையும் பெரியபுராணத்தின் கழுவேற்றப் பகுதியையும் அடுத்தடுத்துப் படிப்போம். கிறித்தவ நண்பர் கழுமரத்தைப் பற்றிப் பேசட்டும்; சைவ நண்பர் சிலுவையைப் பற்றிப் பேசட்டும்; இசுலாமிய நண்பர் தலைமை வகிக்கட்டும். நூல்கள் இரண்டும் என்னிடம் உள்ளன. இடமும் நாளும் குறித்தால் கொண்டுவருகிறேன்.